ஃபாங்சுன் சந்தையில் தேயிலை வாங்கப் போகிறவர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து

கோத்தகிரி பக்கம் ஒரு ஃபேக்டரியில் 26 வருஷம் டீமேக்கராக இருந்தேன். ராத்திரி ஷிஃப்டில் ட்ரையர் வாயில் கையை நீட்டி, விழும் தூளை உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்தே பாதி முடிவுகளை எடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு மகளும் நானும் எங்கள் ஒன்றரை ஏக்கரில் கொஞ்சம் இலையைக் கையால் சுருட்டிக் காயவைத்து விற்கிறோம். மேல் சரிவில் இருப்பதெல்லாம் பழைய சைனா ஜாட், அதாவது சீன இனத்துச் செடி. சின்ன இலை, மகசூல் குறைவு, வாசம் அதிகம். அதன் சொந்தக்காரர்கள் ஊரில் இதே இலையை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது.

மனைவியின் தம்பி கோவையில் பம்ப் உதிரிபாக வியாபாரம் செய்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை சீனாவின் குவாங்சோவில் நடக்கும் பெரிய ஏற்றுமதிக் கண்காட்சிக்குப் போவார். "மாமா, நான் கண்காட்சிக்குள்ள போயிட்டா சாயங்காலம் வரைக்கும் வெளிய வர மாட்டேன். நீங்க பாட்டுக்கு டீக்கடை சுத்துங்க" என்று ஒரு தடவை கூட்டிப் போனார். 2018 ஏப்ரலில் ஒன்று, 2019 அக்டோபரில் ஒன்று, ஆக இரண்டு பயணம். இரண்டிலும் என் நாட்கள் எல்லாம் ஃபாங்சுன் தேயிலைச் சந்தையில்தான் கழிந்தன. நம் மலையிலிருந்து இப்போது நிறையப் பேர் அந்தப் பக்கம் வியாபாரமாகப் போகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஃபாங்சுன், குவாங்சோ நகரின் தென்மேற்கில் முத்து நதிக்கு அந்தப்புறம் இருக்கிறது. மெட்ரோ முதல் பாதையில் அதே பெயரில் நிலையம் உண்டு. ஒரே கூரையின் கீழ் இருக்கும் சந்தை என்று நினைத்துப் போகாதீர்கள். தெருத்தெருவாக, வளாகம் வளாகமாக, எல்லாம் மொத்த வியாபாரக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒரு தேநீர் மேஜை, அதன் முன்னால் நாலைந்து முக்காலி, சுவரோரம் அட்டைப்பெட்டி அடுக்கு. முதல் நாள் எதுவும் வாங்காமல் நடந்து மட்டும் பாருங்கள். நடந்தால் ஒன்று புரியும்: நல்ல கடைகளில் பல, ஒரே வட்டாரத்துத் தேயிலையை மட்டும் வைத்திருக்கும். அன்ஷி ஊர்க்காரர் தியெகுவான்யின் என்ற ஊலாங் விற்பார். ஊலாங் என்பது பச்சைத் தேயிலைக்கும் பிளாக் டீக்கும் நடுவில் நிற்கும் வகை. சாவ்சோ ஊர்க்காரர் ஃபெங்ஹுவாங் மலையின் தான்சொங் என்ற இன்னொரு ஊலாங் விற்பார். யுன்னான் மாகாணத்துக் கடையில், பூஅர் என்ற தேயிலையை அழுத்திய வட்டுகள். எல்லா வகையும் வைத்து, பளபளக்கும் பரிசுப்பெட்டியில் அடுக்கியிருக்கும் கடை சுற்றுலா வருகிறவர்களுக்கு. ஊட்டியில் நாம் உள்ளூர்க்காரர்கள் எந்தக் கடையில் டீத்தூள் வாங்குவோம், வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் எந்தக் கடையில் வாங்குவார்கள் என்பது நமக்குத் தெரியுமல்லவா, அதே கணக்குதான்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூகுள் திறக்காது. பணத்துக்கு அலிபே போன்ற செயலியில் நம் கார்டை இணைத்துக்கொண்டு போவது நல்லது, கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். அப்புறம் ஒரு சின்ன எடைமிஷின், பேனா, ஒட்டுக்காகிதம், ஜிப் கவர்கள். பேரை அன்றே எழுதி ஒட்டாத பொட்டலம் மூன்றாம் நாள் வெறும் இலைதான்.

வார்த்தைகளில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் பிளாக் டீ என்று சொல்வதை அவர்கள் "ஹொங் சா", அதாவது சிவப்புத் தேநீர் என்கிறார்கள். "ஹெய் சா" என்று, சொல்லுக்குச் சொல் கறுப்புத் தேநீர் என்றே பொருள்படும் வேறொரு இனம் இருக்கிறது. நாள்பட நொதிக்க வைத்தது அது. செயலியில் "கறுப்பு" என்று தட்டினால் உங்கள் முன்னால் வருவது முற்றிலும் வேறு பொருளாக இருக்கும். விலை எப்போதும் ஒரு "ஜின்"னுக்குச் சொல்வார்கள். ஜின் என்றால் 500 கிராம். லியாங் என்றால் 50 கிராம். நம் மனசு கிலோவிலேயே கணக்குப் போடும், அதனால் முதலில் எல்லாமே சல்லிசாகத் தெரியும்.

விரல் கணக்கை நம்பாதீர்கள். முதல் பயணத்தில் ஒரு தான்சொங் கடையில் விலை கேட்டேன். அந்த அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல், ஜின் 200 யுவான் என்று எடுத்துக்கொண்டு அரை ஜின் கட்டச் சொன்னேன். அங்கே அந்த விரல்கள் எட்டைக் குறிக்கும். ஜின் 800. அரை ஜின்னுக்கு 400 யுவான், அன்றைக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய். பொட்டலத்தை ஒட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து கால்குலேட்டரில் எடையையும் விலையையும் அவர்களையே தட்டச் சொல்லி, படம் பிடித்துக்கொண்ட பிறகுதான் தலையாட்டுவேன்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வாங்கும் பொருள் மாறும். ஏப்ரல் என்றால் பச்சைத் தேயிலை. ஏப்ரல் 4, 5 தேதிகளில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் உச்ச விலை. அதற்கு அடுத்தது ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ நாளுக்கு முன் பறித்தது. நம் கைக்காசுக்கு இந்த இரண்டாவதே போதும். குடிக்கக் கொஞ்சம் சாரமும் கூடுதலாக இருக்கும். அக்டோபர் கடைசி என்றால் அன்ஷியின் இலையுதிர்காலத் தியெகுவான்யின் புதிதாக வந்திருக்கும். வூயீ மலையின் பாறைத் தேயிலை என்ற ஊலாங்கும் அப்போதுதான் நன்றாக இருக்கும். அதை மே மாதவாக்கில் பறித்தாலும், கரித்தணலில் திரும்பத் திரும்ப வாட்டி, சூடு அடங்க வைத்து, வருஷக் கடைசியை ஒட்டித்தான் பதமாகக் கொண்டுவருவார்கள். 2018 ஏப்ரலில் நான் வாங்கிய பாறைத் தேயிலை முந்தைய வருஷத்துச் சரக்கு. குறை சொல்ல முடியாது, ஆனால் 2019 அக்டோபரில் குடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் நாக்கில் தெரிந்தது.

இனி மேஜைக்கு வருவோம். காலையில் இட்லி, தோசை கிடைக்காத ஊர்தான், ஆனாலும் எதையாவது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் பத்துக் கடை ஏறினால் கை நடுங்கும், தலை சுற்றும். நான் ஒரு டப்பா ஊட்டி வர்க்கி கொண்டு போயிருந்தேன். கடைக்காரர்களுக்குக் கொடுத்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ருசி பார்க்கும் நடுவில் நீங்கள் அதைத் தின்னாதீர்கள். கொழுப்பு நாக்கில் படிந்துவிடும்.

வர்க்கியைவிட நன்றாக வேலை செய்தது வேறொன்று. பனிக்காலத்தில், ஜனவரியில் நாங்கள் செய்த எங்கள் தேயிலையை 20 கிராம் பொட்டலங்களாகப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் ஒன்றை எடுத்து வைத்து, செயலியில் "இது என் தோட்டத்து இலை" என்று காட்டுவேன். அதோடு முகம் மாறிவிடும். அன்ஷிக்காரர் ஒருவர் அதை உடனே ஊற்றிக் குடித்து, சக்கையைக் கொட்டிப் பிரித்துப் பார்த்து, இலையை வாடவிட்டது போதவில்லை என்று சைகையில் சொன்னார். சொன்னது உண்மை. அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல், நான் ஒருவனாக அவசரப்பட்டிருந்தேன். அந்த மனிதரிடம்தான் அந்தப் பயணத்தில் அதிகம் வாங்கினேன். இலையைப் படிக்கத் தெரிந்தவன் என்று அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

கடைக்காரர் கைவான் என்ற மூடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார். சுமார் 110 மில்லி பிடிக்கும். ஊலாங் என்றால் அதில் ஏழெட்டு கிராம் இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, பத்து விநாடியில் வடித்துவிடுவார். முதல் நீரை இலை கழுவக் கொட்டிவிடுவதும் உண்டு. இப்படி ஊற்றினால் சுமாரான தேயிலைகூட அழகாக வரும். வேகமாக வடிப்பதால் கசப்பும் துவர்ப்பும் இறங்க நேரமே இருக்காது. நம் ஃபேக்டரியில், குன்னூர் ஏலத்துக்குப் போகும் சாம்பிளை எப்படிச் சோதிப்போம்? கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிஷம் அப்படியே விட்டு, குற்றம் இருந்தால் வெளியே வா என்று கூப்பிடுவோம். அதையே அங்கும் கேளுங்கள். கைக்கடிகாரத்தைக் காட்டி மூன்று நிமிஷம் விடச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார். அந்தக் கடுஞ்சாயத்தில் துவர்ப்பு நாக்கில் வந்து ஒரு நிமிஷத்தில் கரைந்து, தொண்டையில் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி இனிப்பு திரும்ப வந்தால் தாராளமாக வாங்கலாம். துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வறட்டினால் விடுங்கள்.

மூடியை முகருங்கள். சூட்டில் ஒரு தடவை, ஆறிய பிறகு ஒரு தடவை. வாசனை சேர்த்த தேயிலை, காய்ந்த இலையில் ஊரைக் கூட்டும், இரண்டாவது நீரிலேயே காணாமல் போகும். தன் வாசமாக இருந்தால் ஐந்தாறு நீர் வரைக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும். ஆறிப்போன மூடியிலும் தங்கியிருக்கும்.

அப்புறம் சக்கை. என்னைக் கேட்டால் மொத்தச் சந்தையிலும் பொய் சொல்லாத ஒரே பொருள் அதுதான். வெந்நீர் குடித்த இலையைத் தட்டில் கொட்டி, விரலால் பிரித்துப் பாருங்கள். பழைய முறையில் செய்த ஊலாங்கில் இலையின் நடு பச்சையாகவும் ஓரம் செம்பழுப்பாகவும் இருக்கும். குலுக்கிக் குலுக்கி ஓரத்தைக் கன்ற வைத்ததன் அடையாளம் அது. இலை விரியாமல் கரிக்கட்டியாக இருந்தால், கெட்டுப்போன சரக்கைத் தீயில் வாட்டி மறைத்திருக்கலாம். பெரிய இலையும் பொடி இலையும், முற்றலும் பிஞ்சும் கலந்து கிடந்தால் நாலு இடத்துச் சரக்கைக் கொட்டிக் கலந்தது. கொழுந்துத் தராசில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

லுங்ஜிங் என்ற பச்சைத் தேயிலைக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுப்பதால் இலை தட்டையாக இருக்கும். பாசிப்பருப்பை வறுக்கும்போது வரும் வாசம் அதில் வர வேண்டும். பளிச்சென்ற பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கொஞ்சம் மஞ்சள் ஓடிய, கைக்குத்தல் அரிசி நிறம்தான் நல்ல நிறம். ஹாங்சோவின் மேற்கு ஏரியை ஒட்டிய பகுதியில் விளைவது கொஞ்சம். அந்தப் பேரில் விற்பது நிறைய. பேருக்குக் கொடுக்கும் கூடுதல் காசைக் கொடுக்காமல், பக்கத்து வட்டாரத்து இலையை ருசி பார்த்து வாங்குங்கள். 100 கிராம் போதும். பச்சைத் தேயிலை ஒரு வருஷத்துக்குமேல் நிற்காது.

மல்லிகைத் தேநீர் வாங்கினால், காய்ந்த பூ நிறையத் தெரிகிற சரக்கை ஒதுக்கிவிடுங்கள். உயர்ந்த ரகத்தில் புதுப் பூவை இலையோடு பரப்பி, இலை வாசத்தைக் குடித்ததும் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். இதையே பல தடவை செய்வார்கள். வாசம் இலைக்குள் இருக்கும், கண்ணுக்குப் பூ தெரியாது.

பூஅர் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றேன், காசும் அதில்தான் போனது. இது யுன்னானின் பெரிய இலை, நம் அசாம் செடியின் இனம். வட்டாக அழுத்தி விற்பார்கள். வழக்கமான வட்டு 357 கிராம், ஏழு வட்டு சேர்ந்து மூங்கில் மடலில் கட்டிய ஒரு கட்டு. பச்சை பூஅர், வருஷக்கணக்கில் தானாகப் பழுப்பது. பழுத்த பூஅர், ஈரப்படுத்திக் குவித்துச் சில வாரங்களில் நொதிக்க வைப்பது. அந்த முறை 1973 வாக்கில் வந்தது. உறையில் 7542 மாதிரி நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அந்தச் செய்முறை பிறந்த வருஷம், மூன்றாவது இலையின் தரம், நான்காவது ஃபேக்டரி. 75 என்று பார்த்ததும் 1975-இல் செய்த வட்டு என்று எண்ணிவிடக் கூடாது. போன மாதம் அழுத்திய வட்டிலும் அதே எண் இருக்கும்.

2003 என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒரு வட்டு விற்றார்கள். ருசிக்கு அவர்கள் கிள்ளிக் கொடுத்தது வட்டின் மேல்முகத்திலிருந்து. வீட்டுக்கு வந்து நடுவில் உடைத்தால் முற்றல் இலை, ஈரச் சாக்கு வாடை. வேகமாகப் பழசாகத் தெரிய வேண்டும் என்று ஈரக் கிடங்கில் வைத்த சரக்கு. மேல்முகத்தில் அழகான இலையைப் பரப்புவது பல ஃபேக்டரிகளில் வழக்கம்தான். அதனால் ருசிப்பதற்கு ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் கிள்ளித் தரச் சொல்லுங்கள். பழைய மர அலமாரி வாசம், மழை பெய்த மண் வாசம் இருக்கலாம். பூஞ்சை வாடை தொண்டையைப் பிடிக்கக் கூடாது. வயதுக்காகக் காசு கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது. புதிய பச்சை பூஅர் இரண்டு வட்டு வாங்கி வைத்துக்கொண்டால் வயதை நீங்களே கொடுக்கலாம். சில பிராண்டு வட்டுகளை அங்கே பங்குச்சந்தை போல வாங்கி விற்பார்கள். 2007-இல் அந்த விலை சரிந்து நிறையப் பேர் நொடித்துப் போனார்கள். குடிக்கப் போகிற நமக்கு அந்தப் பேச்சு தேவையே இல்லை.

எதையும் ருசித்த அன்றே வாங்காதீர்கள். பத்து கிராம் கேட்டு வாங்கி, அறைக்குப் போய், கடையின் தண்ணீரும் கடைக்காரரின் கைப்பக்குவமும் இல்லாமல் உங்கள் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மறுநாள் காலையிலும் அதே நினைப்பு இருந்தால் போய் வாங்குங்கள். கட்டும்போது, ருசித்த அதே பெட்டியிலிருந்து கண்ணெதிரே அள்ளச் சொல்லுங்கள். தியெகுவான்யின் ஏழெட்டு கிராம் சின்னப் பொட்டலங்களாகக் காற்று உறிஞ்சி வரும். உங்களுக்குக் கட்டிய பையிலிருந்தே ஒன்றை எடுத்து, அதை ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, நம் மலைக்காரர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். முதல் பயணத்தில் வாங்கி வந்த பாறைத் தேயிலை வீட்டில் சப்பென்று இருந்தது. பொட்டலத்தை மாற்றிவிட்டார்களோ என்று அந்தக் கடைக்காரரை மனதுக்குள் சந்தேகப்பட்டேன். அவர்மேல் தப்பே இல்லை. குவாங்சோ கடல் மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறையும். கரியில் வாட்டிய ஊலாங்குக்கும் பழுத்த பூஅருக்கும் அந்த ஆறேழு டிகிரி பெரிய விஷயம். அதனால் இங்கே குடிக்க வாங்குகிறவர்கள் பச்சை, வெள்ளை, லேசான ஊலாங் இவற்றுக்குக் காசைப் போடுங்கள். லுங்ஜிங்குக்கு 80 டிகிரி போதும் என்பதால் அது இங்கே கொஞ்சமும் குறைவதில்லை. பாறைத் தேயிலை வாங்கினால் கிண்ணத்தை இரண்டு தடவை வெந்நீரில் சூடேற்றி, ஒரு கிராம் இலை கூடப் போட்டு, இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். பழுத்த பூஅரை நான் அடுப்பிலேயே வைத்து ஐந்து நிமிஷம் கொதிக்க விடுகிறேன், நன்றாக இறங்குகிறது.

பத்திரப்படுத்துவதில் ஜூனிலிருந்து நவம்பர் வரை கவனம் வேண்டும். மூடுபனி ஜன்னல் வழியாக அலமாரி வரை வரும். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து, இறுக மூடும் தகர டப்பாவில், சமையலறையைவிட்டுத் தள்ளி வையுங்கள். பச்சைத் தேயிலையும் பச்சையாகச் செய்த தியெகுவான்யினும் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். எடுத்தவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லையென்றால் இலைமேல் நீர் கோத்துவிடும். பூஅர் வட்டுகளை மட்டும் காற்று படும்படி அட்டைப்பெட்டியில் வைத்து, மழை மாதங்களில் வாரம் ஒரு முறை எடுத்து முகர்ந்து பாருங்கள். நம் வீடுகளில் தைலப் பாட்டில் இல்லாத அலமாரி கிடையாது. என் ஃபுடிங் வெள்ளைத் தேயிலை முழுவதும் ஒரே மாதத்தில் தைல வாசம் ஏறிப் போனது. தேயிலையை வைக்கும் முன் தைலத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.